நைல் நதியைச் சீட்டுக்கட்டில் ஓட்டிப் பார்த்தவர்

வாட்டர் ரிசோர்சஸ் பேப்பர் எழுதின எல்லாருக்கும் இந்தக் கணக்கு தெரிஞ்சிருக்கும். ஒரு ஆற்றின் பத்து வருஷ நீர்வரத்தைக் கொடுப்பாங்க. பாசனத்துக்கு எவ்வளவு வேணும்னு கொடுப்பாங்க. மாஸ் கர்வ் வரைஞ்சு, தொடுகோடு போட்டு, அணையின் கொள்ளளவைக் கண்டுபிடிக்கணும். பதிமூணு மார்க். விடை வந்ததும் அடுத்த கேள்விக்குப் போயிடுவோம்.

அந்தக் கணக்கில் யாருமே கேட்காத ஒரு கேள்வி இருக்கு. அடுத்த பத்து வருஷமும் இந்தப் பத்து வருஷம் மாதிரியே இருக்கும்னு யார் சொன்னது? இதே சராசரி மழை, ஆனா மோசமான வருஷங்கள் எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்தா அந்த அணை தாங்குமா?

இந்த ஒரு கேள்விக்காக அறுபது வருஷத்துக்கு மேல் செலவழித்த மனிதர் ஹெரால்ட் எட்வின் ஹர்ஸ்ட். இன்னைக்கு டேட்டா சயின்ஸ் பசங்களும் ஷேர் மார்க்கெட் ஆட்களும் ஹர்ஸ்ட் எக்ஸ்போனென்ட்னு சொல்லும்போது வர்ற அதே ஹர்ஸ்ட்தான். அந்தப் பேருக்குப் பின்னாடி இருக்கிறது நைல் நதிங்கிறது நிறைய பேருக்குத் தெரியாது.

பதினைந்து வயதில் பள்ளி முடிந்தது

ஹர்ஸ்ட் 1880-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு அருகே பிறந்தார். அப்பா வீடு கட்டும் தொழில் செய்தவர். வசதியான குடும்பம் இல்லை. பதினைந்து வயதில் பள்ளியை விட்டார். அப்பாவிடம் தச்சு வேலை கற்றுக்கொண்டார். ஒரு பள்ளியில் படித்துக்கொண்டே சொல்லிக்கொடுக்கும் பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்து, சாயங்கால வகுப்புகளில் மேற்கொண்டு படித்தார்.

இருபது வயதில் ஒரு ஸ்காலர்ஷிப் கிடைத்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். அங்கே கணக்கு அவருக்குப் பெரிய தொல்லை. மற்ற மாணவர்கள் நல்ல பள்ளிகளில் வருஷக்கணக்கா கணக்குப் போட்டுப் பழகி வந்தவர்கள். இவருக்கு அந்த அடித்தளம் இல்லை. ஆனா கையால் செய்யும் சோதனைகளில் கெட்டிக்காரர். அந்த பலத்திலேயே இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கினார். பட்டம் முடிந்ததும் அங்கேயே மூன்று வருஷம் செய்முறை வகுப்புகள் நடத்தும் வேலையும் கிடைத்தது.

கணக்கில் மேதை இல்லாத, கையால் செய்து பார்த்தே நம்பும் ஆள். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி அவர் செய்த பெரிய காரியம் இந்தக் குணத்திலிருந்துதான் வந்தது.

குறுகிய கால வேலை, 62 வருஷம்

1906-ல் எகிப்தில் ஒரு வேலை வந்தது. கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாம்னுதான் கிளம்பினார். எகிப்தோடு அவருக்கு இருந்த தொடர்பு 62 வருஷம் நீடித்தது.

போனதும் கொடுத்த முதல் வேலைகளில் ஒன்று கொஞ்சம் வேடிக்கையானது. வானாய்வகத்தில் கணித்த சரியான நேரத்தைக் கெய்ரோ கோட்டைக்கு அனுப்ப வேண்டும். அதை வைத்து அங்கே தினமும் நண்பகலில் பீரங்கி வெடிப்பார்கள். ஊரே அந்தச் சத்தத்தில் கடிகாரத்தைச் சரி பண்ணிக்கும். ஆனா ஹர்ஸ்டின் மனசு கடிகாரத்தில் நிற்கவில்லை. ஊருக்கு நடுவே ஓடின ஆற்றின் மேல் போனது.

எகிப்தில் மழை கிடையாதுன்னே சொல்லலாம். நாடு முழுக்க ஒரே ஆற்றை நம்பி இருக்கு. அந்த ஆற்றின் தண்ணீரில் ஏறக்குறைய 85 சதவீதம் எத்தியோப்பிய மலைகளிலிருந்து நீல நைல், அட்பரா, சோபாட் வழியாக வருது. மிச்சம் விக்டோரியா ஏரிப் பக்கத்திலிருந்து வெள்ளை நைலில் வருது. எத்தியோப்பியாவில் மழை பெய்யும்போது, அதாவது ஆகஸ்ட், செப்டம்பரில், ஆறு பொங்கும். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை மெலிஞ்சு கிடக்கும்.

பிரச்சினை இங்கேதான். பழைய காலத்தில் வெள்ளம் வந்து வடிஞ்ச பிறகு விதைப்பார்கள். அதனால் ஆற்றின் நேரமும் பயிரின் நேரமும் ஒத்துப்போச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பருத்தி வந்தது. பருத்தி கோடைப் பயிர். ஆறு மெலிஞ்சிருக்கும் மாதங்களில்தான் அதுக்குத் தண்ணீர் வேணும். வரத்து ஒரு மாதம், தேவை வேறு மாதம். இந்த இடைவெளியை அடைக்கத்தான் 1902-ல் பழைய அஸ்வான் அணை கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளத்தின் கடைசித் தண்ணீரைப் பிடித்து வைத்து, கோடையில் திறந்து விடும். ஒரு வருஷத்துக்குள்ளேயே நிரம்பி, அந்த வருஷமே காலியாகும் அணை அது. அதை 1912-ல் ஒரு தடவையும் 1933-ல் ஒரு தடவையும் உயர்த்தினார்கள்.

ஹர்ஸ்ட் போய்ச் சேர்ந்த ஏழாவது வருஷம், 1913. ஆறு அந்த வருஷம் சராசரியில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. பதிவான மிக மோசமான வருஷங்களில் ஒன்று. அஸ்வான் அணை அந்த ஒரு வருஷத்துக்குள் வந்த தண்ணீரை மாதங்களுக்குள் மாற்றி வைக்கத்தான் முடியும். போன வருஷத் தண்ணீர் அதில் இல்லை. நல்ல வருஷத்தில் மிஞ்சியது எல்லாம் மத்தியதரைக் கடலுக்குப் போயிருந்தது.

ஆற்றை அளக்கப் போனார்

மாடல் செய்ய முதலில் டேட்டா வேணும். இன்னைக்கு நாம் ஒரு வெப்சைட்டில் டவுன்லோட் பட்டனை அழுத்துகிறோம். ஹர்ஸ்ட் காலத்தில் டேட்டா வேணும்னா நடந்து போகணும்.

நைல் படுகை ஏறக்குறைய முப்பது லட்சம் சதுர கிலோமீட்டர். ஹர்ஸ்ட் அதில் படகில் போனார், சுமை தூக்கிகளோடு நடந்து போனார், சைக்கிளில் போனார், பிறகு காரில், பிறகு விமானத்தில். கிளை ஆறுகளில் அளவுகோல் நட்டார்கள். எந்த மட்டத்துக்கு எவ்வளவு நீரோட்டம்னு அளந்து அட்டவணை போட்டார்கள். அஸ்வான் அணையின் மதகுகள் வழியாக எவ்வளவு தண்ணீர் போகுதுன்னு துல்லியமாக அளந்த வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்த அளவு சரியாக இருந்தால்தான் மற்ற எல்லாக் கணக்கும் நிற்கும்.

இதையெல்லாம் தொகுத்து 1931-லிருந்து நைல் படுகை என்ற பெயரில் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். ஃபிலிப்ஸ், பிளாக், எகிப்தியரான சிமைக்கா எனப் பலர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மழை, மட்டம், நீரோட்டம், ஆவியாதல்னு பக்கம் பக்கமாக எண்கள். படிக்க சுவாரசியமான புத்தகம் இல்லை. ஆனா நைலைப் பற்றி யார் மாடல் செய்தாலும் இந்த எண்களில்தான் வந்து நிற்பார்கள்.

அந்த அளவீடுகளில் ஒரு பெரிய உண்மை தெரிந்தது. தெற்கு சூடானில் சட் என்ற பிரம்மாண்டமான சதுப்பு நிலம் இருக்கு. வெள்ளை நைல் அதுக்குள்ளே நுழையும்போது இருக்கும் தண்ணீரில் ஏறக்குறைய பாதிதான் வெளியே வருது. மிச்சம் பரந்து விரிந்து ஆவியாயிடுது. மாடலில் ஒரு ஆற்றைக் கோடாக வரைந்து, மேலே போட்டது கீழே வரும்னு நினைத்தால் என்ன ஆகும்னு இதிலிருந்து புரிஞ்சுக்கலாம்.

மாஸ் கர்விலிருந்து ஒரு புதிர்

இப்போ அந்தப் பழைய கேள்விக்கு வரலாம். ஒரு வருஷத்துக்குள் காலியாகும் அணை போதாது. நல்ல வருஷங்களின் மிச்சத்தைப் பல மோசமான வருஷங்களுக்குச் சேர்த்து வைக்கணும். நூறு வருஷத்தைத் தாங்கும் அளவுக்குச் சேமிப்பு வேணும்னு ஹர்ஸ்ட் யோசித்தார். நூற்றாண்டுச் சேமிப்பு என்றே அதுக்குப் பேர் வந்தது. அப்படின்னா எவ்வளவு பெரிய அணை?

வழி நமக்குத் தெரிஞ்சதுதான். ஒவ்வொரு வருஷத்தின் நீர்வரத்திலிருந்தும் சராசரியைக் கழிக்கணும். மிச்சத்தை வரிசையாகக் கூட்டிக்கிட்டே போகணும். நல்ல வருஷங்களில் அந்தக் கூட்டல் ஏறும், மோசமான வருஷங்களில் இறங்கும். அது தொட்ட உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளிதான் வீச்சு. வருஷா வருஷம் சராசரி அளவு தண்ணீரைத் தவறாமல் கொடுக்கணும்னா, அணையில் இருக்க வேண்டிய கொள்ளளவு அந்த வீச்சு. 1883-ல் ரிப்பல் சொன்ன மாஸ் கர்வ் இதுதான்.

நீர்வரத்து ஒவ்வொரு வருஷமும் நாணயம் சுண்டுவது போல, முந்தைய வருஷத்தோடு சம்பந்தமில்லாமல் வந்தால், வீச்சு எப்படி வளரும்? வருஷங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல வளரும். ஹர்ஸ்ட் இதைத் தனியாகக் கணக்கிட்டார். கணிதவியலாளர் வில்லியம் ஃபெல்லரும் அதே காலத்தில் கறாராக நிறுவினார். நூறு வருஷத்துக்கு வீச்சு, திட்ட விலக்கத்தைப் போல் சுமார் 12.5 மடங்கு வரணும்.

நைலின் எண்களைப் போட்டுப் பார்த்தார். விடை பொருந்தலை. வீச்சு வர்க்கமூலத்தை விட வேகமாக வளர்ந்தது. அடுக்கு 0.5 வரணும். 0.7-க்கு மேலே வந்தது.

டேட்டா தப்பா இருக்கும்னு விட்டுட்டுப் போயிருக்கலாம். அவர் வேறு தொடர்களைத் தேடினார். கெய்ரோவில் ரோடா தீவில் நைலின் மட்டத்தை அளக்கும் பழைய கல்தூண் இருக்கு. கி.பி. 622-லிருந்து தொடங்கும் பதிவுகள் உண்டு, நடுவில் விட்டுப்போன இடங்களோடு. அதையும் எடுத்தார். பிறகு மற்ற ஆறுகள், மழை, வெப்பநிலை, காற்றழுத்தம், மர வளையங்கள், ஏரிகளின் அடியில் வருஷா வருஷம் படிந்த வண்டல் அடுக்குகள், சூரியப் புள்ளிகள்னு எழுபதுக்கும் மேற்பட்ட வகைகளை எடுத்து, நூற்றுக்கணக்கான தொடர்களுக்கு இந்த வீச்சைக் கணக்கிட்டார். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தால் அடுக்கின் சராசரி 0.73-க்கு அருகில் நின்றது.

இதன் அர்த்தம் என்ன? இயற்கையில் நல்ல வருஷங்கள் கூட்டமாக வருது, மோசமான வருஷங்களும் கூட்டமாக வருது. கூட்டம் எப்போ தொடங்கும், எப்போ முடியும்னு சொல்ல முடியாது. ஆனா நாணயம் சுண்டுவது மாதிரி கலந்து வராது. அணைக்கு இதன் விளைவு நேரடியானது. நூறு வருஷத்துக்கு 12.5 மடங்கு போதும்னு நினைத்த இடத்தில் 17 மடங்குக்கு மேல் வேணும். ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். சராசரி அதே, திட்ட விலக்கம் அதே. வருஷங்களின் வரிசை மட்டும் வேற.

இந்தக் கட்டுரை 1951-ல் அமெரிக்க சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தின் இதழில் வந்தது. ஹர்ஸ்டுக்கு அப்போ வயசு 71.

52 சீட்டும் ஒரு ஜோக்கரும்

கண்டுபிடித்தது சரி. இயற்கை ஏன் இப்படி நடந்துக்குது? இதே மாதிரி எண்களை நாமே உண்டாக்க முடியுமா? இன்னைக்கு இதுக்கு சிமுலேஷன்னு பேர். பைத்தானில் நாலு வரி. ஹர்ஸ்டிடம் கம்ப்யூட்டர் இல்லை. சீட்டுக்கட்டு இருந்தது.

52 சீட்டிலும் எண்கள் எழுதினார். கூட்டல் 1, கழித்தல் 1 தலா 13 சீட்டு. கூட்டல் 3, கழித்தல் 3 தலா 8. ஐந்துகள் தலா 4. ஏழுகள் தலா 1. மொத்தம் 52. சின்ன எண்கள் நிறைய, பெரிய எண்கள் கம்மி. நமக்குத் தெரிஞ்ச மணி வடிவ வளைவுதான், சீட்டில் எழுதியிருக்கு, அவ்ளோதான். கலைத்து, வெட்டி, வந்த எண்ணைக் குறித்து, மறுபடி கலைத்து, மறுபடி வெட்டினால் அது சம்பந்தமில்லாத வருஷங்களின் ஆறு. அதில் அடுக்கு எதிர்பார்த்தபடி 0.5 பக்கம்தான் வரும்.

இப்போ விதியை மாற்றினார். முதலில் ஒரு சீட்டை வெட்டி எண்ணைப் பார்க்கணும். கூட்டல் 3 வந்ததுன்னு வெச்சுக்கலாம். பிறகு கட்டை 26, 26-ஆக இரண்டு கைகளாகப் பிரிக்கணும். ஒரு கையிலிருந்து மிகப் பெரிய மூன்று கூட்டல் சீட்டுகளை எடுத்து இன்னொரு கையில் சேர்க்கணும். அந்தக் கையில் இருக்கும் மிக மோசமான மூன்று கழித்தல் சீட்டுகளை எடுத்துடணும். இப்போ அந்தக் கை நல்ல வருஷங்கள் பக்கம் சாய்ஞ்சிருக்கு. அதில் ஒரு ஜோக்கரைச் செருகணும். அந்தக் கையை மட்டும் கலைத்து வெட்டி, எண்களைக் குறிச்சுக்கிட்டே வரணும். ஜோக்கர் வந்ததும் எல்லாச் சீட்டையும் ஒண்ணு சேர்த்து, முதலிலிருந்து தொடங்கணும்.

முதலில் வெட்டியது கழித்தல் எண்ணாக இருந்தால் கை வறட்சிப் பக்கம் சாயும். ஜோக்கர் வரும் வரை அந்தச் சாய்வு மாறாது. 27 சீட்டில் ஒண்ணு ஜோக்கர். அதனால் சராசரியாக 27 வெட்டுக்கு ஒரு தடவை வரும். ஆனா அடுத்த வெட்டிலேயே வரலாம், நூறு வெட்டு வராமலும் இருக்கலாம். நடுவில் உட்கார்ந்து எண்களைக் குறிக்கிறவனுக்கு, தான் எந்தக் கையில் இருக்கிறோம்னு தெரியாது.

வந்த எண்களுக்கு வீச்சைக் கணக்கிட்டார். அடுக்கு 0.7-ஐ ஒட்டி வந்தது, நைல் மாதிரியே. 1957-ல் இதை நேச்சர் இதழில் வெளியிட்டார்.

வேற்றியல் எண்களை வைத்து ஒரு ஆற்றை உண்டாக்கி, அணையைச் சோதித்துப் பார்ப்பது இன்னைக்கு வாட்டர் மாடலிங்கில் அன்றாட வேலை. அதன் முன்னோடிகளில் ஒன்று ஒரு முதியவரின் மேசை மேல் இருந்த சீட்டுக்கட்டு.

கம்ப்யூட்டர் வந்தது

அதே 1950-களில் லண்டனில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. சூடான் அரசின் நீர்ப்பாசன ஆலோசகர்கள் மோரிஸ், ஆலன் இருவரும் நைல் முழுவதையும் ஐ.பி.எம். 650 என்ற கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். சுழலும் காந்த டிரம்மில் எண்களைச் சேமிக்கும், வால்வுகளால் ஆன மெஷின். ஏரிகள், அணைகள், ஆற்றுப் பகுதிகள், பாசனப் பகுதிகள் என நைலைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். மாதாமாதம் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே கணக்கு: இருந்தது, கூட வந்தது, கழித்தல் திறந்தது, கழித்தல் ஆவியானது. 1958-ல் நைல் பள்ளத்தாக்குத் திட்டம் வெளிவந்தது. ஒரு பெரிய ஆற்றுப் படுகையைக் கம்ப்யூட்டரில் மாடல் செய்த முதல் முயற்சிகளில் அது ஒன்று.

இன்னைக்கு நாம் பயன்படுத்தும் சாஃப்ட்வேர்களின் எலும்புக்கூடும் இதேதான். தேவைப் பக்கம் மட்டும் விரிவாயிருக்கு. எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், இந்த வாரம் அதன் வளர்ச்சிக்கு எவ்வளவு நீர், வெயிலும் காற்றும் எவ்வளவு உறிஞ்சுது, மழை எவ்வளவு ஈடு கட்டுது, கால்வாயில் எவ்வளவு கசியுதுன்னு கணக்குப் போட்டு, ஒவ்வொரு மதகிலும் கேட்க வேண்டிய அளவு வருது. ஆனா இதுக்கெல்லாம் உள்ளே ஊற்றும் நீர்வரத்துத் தொடர் எப்படிப்பட்டதுங்கிற கேள்வியைக் கம்ப்யூட்டர் கேட்காது. கொடுத்ததை ஓட்டும். அதை ஹர்ஸ்ட்தான் கேட்டார்.

யாருடைய தண்ணீர்?

ஹர்ஸ்டும் பிளாக்கும் சிமைக்காவும் 1946-ல் நூற்றாண்டுச் சேமிப்புத் திட்டத்தை முழுசாக எழுதினார்கள். விக்டோரியா, ஆல்பர்ட், டானா போன்ற மேல்நிலை ஏரிகளில் சேமிக்கலாம். அங்கே ஆவியாதல் இழப்பை மழை பெருமளவு ஈடுகட்டும். சட் சதுப்பைச் சுற்றி ஜோங்கிளி என்ற கால்வாய் வெட்டி, வீணாகும் தண்ணீரைக் கீழே கொண்டுவரலாம். பொறியியல் கண்ணில் அழகான திட்டம்.

ஆனா அந்த ஏரிகள் எகிப்தில் இல்லை. உகாண்டா, எத்தியோப்பியா என்று வெவ்வேறு நாடுகளின் மண்ணில், எல்லைகளில் இருந்தன. வீணாகுதுன்னு மாடல் சொன்ன சட் தண்ணீர்தான் டிங்கா, நுவேர் மக்களின் மேய்ச்சல் நிலம். ஜோங்கிளி வேலை 1978-ல் தொடங்கியது. உள்நாட்டுப் போர் வெடித்து 1984-ல் பாதியில் நின்றது. இன்னைக்கும் அப்படியே கிடக்கு. இழப்பு என்று நாம் தலைப்புக் கொடுக்கும் அந்தக் காலத்தில் யாரோ வாழ்ந்துகொண்டிருக்கலாம். ஹர்ஸ்டின் கணக்கில் இந்தப் பக்கம் பலவீனமானதுன்னு நேர்மையாகச் சொல்லணும்.

எகிப்து வேறு வழியில் போனது. 1940-களின் கடைசியில் அட்ரியன் டானினோஸ் என்பவர் எல்லாச் சேமிப்பையும் அஸ்வானிலேயே ஒரே மாபெரும் அணையில் வைக்கலாம்னு சொல்லிவந்தார். 1952 புரட்சிக்குப் பிறகு வந்த அரசு அதை எடுத்துக்கொண்டது. பாலைவனத்தில் ஏரி, ஆவியாதல் பயங்கரம். ஆனா சாவி சொந்தக் கையில் இருக்கும். அந்த அணை எவ்வளவு பெருசா இருக்கணும்னு முடிவு செய்ய, பல வருஷச் சேமிப்பு பற்றிய ஹர்ஸ்டின் கணக்குகள் அடிப்படையாக இருந்தன.

1959-ல் எகிப்தும் சூடானும் ஒப்பந்தம் போட்டன. வருஷத்துக்குச் சராசரி 84 பில்லியன் கன மீட்டர். எகிப்துக்கு 55.5, சூடானுக்கு 18.5, மிச்சம் 10 ஆவியாதலுக்கு. ஒரு பில்லியன் கன மீட்டர்னா நம்ம கணக்கில் 35 டி.எம்.சி.க்கு மேலே. தண்ணீரில் பெரும்பகுதியை அனுப்பும் எத்தியோப்பியா அந்த மேசையில் இல்லை. 1960-ல் வேலை தொடங்கி 1970-ல் அஸ்வான் உயர் அணை முடிந்தது. மொத்தக் கொள்ளளவு சுமார் 162 பில்லியன் கன மீட்டர். ஆற்றின் இரண்டு வருஷ வரத்துக்கு அருகில். அந்த ஏரிக்காக ஏறக்குறைய ஒரு லட்சம் நூபிய மக்கள் தங்கள் ஊர்களை இழந்தார்கள். இதையும் கணக்கில் சேர்த்தே ஆகணும்.

அவர் பார்க்காத பத்து வருஷம்

ஹர்ஸ்ட் ஓய்வெடுக்கவே இல்லை. 85 வயதில், 1965-ல், நீண்டகாலச் சேமிப்பு பற்றி ஒரு புத்தகத்தைப் பிளாக், சிமைக்காவோடு வெளியிட்டார். அபு நைல், அதாவது நைலின் தந்தை, என்று எகிப்தில் அவரை அழைத்தார்கள்.

1968-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த பெனுவா மாண்டல்ப்ரோ, ஜேம்ஸ் வாலிஸோடு சேர்ந்து ஹர்ஸ்டின் புதிரை எடுத்தார். பின்னாளில் ஃபிராக்டல் வடிவங்களால் உலகப் புகழ் பெற்ற அதே மாண்டல்ப்ரோ. ஏழு செழித்த வருஷம், ஏழு பஞ்ச வருஷம் என்ற பைபிள் கதையை வைத்து, இந்தக் கூட்டமாக வரும் குணத்துக்கு யோசேப்பு விளைவு என்று பெயர் வைத்தார். அந்த அடுக்குக்கு எச் என்ற எழுத்து நிலைத்தது, ஹர்ஸ்டின் நினைவாக. இது உண்மையிலேயே மிக நீண்ட ஞாபகமா, இல்லை சராசரியே அவ்வப்போது இடம் மாறுவதால் அப்படித் தெரியுதா என்று 1974-ல் கிளெமெஷ் கேட்டார். அந்த விவாதம் இன்னும் ஓடுது. ஜோக்கர் சீட்டு செய்ததும் சராசரியை இடம் மாற்றியதுதான்னு கவனிச்சீங்களா?

1978 டிசம்பரில், 98 வயதில், ஹர்ஸ்ட் இறந்தார்.

அடுத்த வருஷம் 1979. எத்தியோப்பிய மழை குறைந்தது. அதற்கடுத்த வருஷமும். 1987 வரை பெரும்பாலான வருஷங்களில் நைல் சராசரிக்குக் கீழேதான் ஓடியது. 1984, 85-ல் எத்தியோப்பியப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். அதே ஆற்றின் கீழ்க்கோடியில் எகிப்தின் வயல்கள் காயவில்லை. உயர் அணையின் ஏரி வருஷா வருஷம் இறங்கி, 1988 ஜூலையில் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 150 மீட்டருக்கு வந்தது. 147-க்குக் கீழே போனால் மின் டர்பைன்கள் நிற்கணும். மூன்று, நாலு மீட்டர்தான் பாக்கி. அந்த ஆகஸ்டில் பெரிய வெள்ளம் வந்தது. ஜோக்கர் வெளியே வந்துடுச்சு.

வருஷங்கள் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாதவைன்னு நம்பி, ஏறக்குறைய 28 சதவீதம் சின்னதாகக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இப்போ அந்தக் கேள்வி மேலே நகர்ந்திருக்கு. எத்தியோப்பியா நீல நைலில் 74 பில்லியன் கன மீட்டர் கொள்ளளவுள்ள அணையைக் கட்டி, 2020-ல் நிரப்பத் தொடங்கியது. மூன்று நாடுகளும் தங்கள் தங்கள் மாடல்களோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தன. சராசரி வருஷத்தில் யாருக்கும் பெரிய சண்டை இல்லை. தொடர்ந்து பல வருஷம் வறட்சி வந்தால் யார் எவ்வளவு திறக்கணும்? முடியாத வாதம் அங்கேதான்.

இந்த வருஷம் ரிசர்வாயர் சிமுலேஷனை ப்ராஜெக்ட்டா எடுக்கும் ஜூனியர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ரேண்டம் எண்களால் நீர்வரத்து உண்டாக்கும்போது, ஒவ்வொரு வருஷத்தையும் தனித்தனியாக உருவாக்கி நிறுத்திடாதீங்க. அதே சராசரி, அதே திட்ட விலக்கத்தை வெச்சு, ஹர்ஸ்டின் ஜோக்கர் விதியையும் போட்டு இன்னொரு தடவை ஓட்டுங்க. எத்தனை வருஷம் பாசனத்துக்குத் தண்ணீர் கொடுக்க முடியாமல் போகுதுன்னு இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ரிப்போர்ட்டில் போடுங்க. வித்தியாசத்தை வைவாவில் கேட்பாங்க. கேட்கலைன்னா நீங்களே சொல்லுங்க.